கப்பலேறிய முன்னோரிடம் கேட்க நினைக்கும் கேள்விகள்

நம் இலக்கிய வட்டத்தின் திங்கள் கூட்டம் ஒன்றில் குடும்ப வரலாறு எழுதுவது குறித்து உரையாடல் நிகழ்ந்தது. கூட்டம் முடியும் வேளையில் அன்பர் ஒருவர் எழுந்து, "மறைந்துபோன உங்கள் முன்னோர் ஒருவர் ஒரு நாழிகைப் பொழுது திரும்பி வந்து உங்கள் வீட்டுத் திண்ணையில் அமர்வாரானால் அவரிடம் எதைக் கேட்பீர்கள்?" என்று வினவினார். பலரும் பலவாறு விடையளித்தனர். புதையலை எங்கே புதைத்தீர்கள் என்று கேட்பேன் என்றார் ஒருவர். அவையில் சிரிப்பு எழுந்தது. அன்று நான் விடையேதும் சொல்லவில்லை. பத்தாம் ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டுமென மலர்க் குழுவினர் பணித்தபோது, அன்று சொல்லாமல் விட்ட விடையையே எழுதலாமெனத் தோன்றியது.

என் விடை ஒரே ஒருவரைப் பற்றியது. என் பாட்டனாரின் தமையனார் வட ஆற்காட்டுச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவர். இளமையில் ஒருநாள் சென்னைக்குப் போய் வருவதாகச் சொல்லிப் புறப்பட்டவர், கப்பலேறி நேட்டாலுக்குப் போய்விட்டார் என்பது எங்கள் குடும்பத்தில் வழங்கும் செய்தி. 1905ஆம் ஆண்டையொட்டி அது நடந்திருக்கலாம். ஒரே ஒரு கடிதம் வந்ததாம்; அக்கடிதத்தைக் கறையான் தின்றுவிட்டது. மகாளய அமாவாசையன்று மறைந்தோர் பெயர்களைச் சொல்லி எள்ளும் நீரும் இறைக்கும்போது, அம்மகனின் பெயரைச் சொல்ல அவருடைய தாயார் இசையவில்லை. "இருக்கிறவனுக்கா இறைப்பீர்கள்?" என்று கேட்டாராம். அந்த அம்மையார் மறைந்தபின் என் பாட்டனாரும், பாட்டனார் மறைந்தபின் என் தந்தையாரும் அந்தச் சொல்லை மீறவில்லை. இருப்போர் வரிசையிலும் இல்லாமல், இறந்தோர் வரிசையிலும் இல்லாமல் அப்பெயர் நூறாண்டுக்கு மேலாக நின்றுவிட்டது. இப்போது அந்த வரிசையைச் சொல்லும் முறை என்னுடையது.

ஆகவே, கேள்வி எனக்கு விளையாட்டன்று.

பெயரைப் பற்றிய கேள்வி

1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆம் நாள் 'ட்ரூரோ' என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டங்களுக்கென நேட்டாலுக்குச் சென்ற முதல் ஒப்பந்தத் தொழிலாளர் அவர்களே. அந்நாள் தொடங்கி 1911ஆம் ஆண்டு வரை 1,52,184 பேர் அவ்வாறு சென்றனர்; அவர்களுள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். தமிழரும் தெலுங்கருமே இவர்களில் மிகுதி.

ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. கப்பற்பதிவேட்டில் எண், பெயர், தந்தை பெயர், வயது, சாதி, மாவட்டம், வட்டம், ஊர், உடலிலுள்ள அடையாளம் எனப் பத்திகள் உண்டு. இவை அழியாமல் காக்கப்பட்டுள்ளன. இன்று கணினியிலும் பார்க்கக் கிடைக்கின்றன. மன்னர்க்கு மெய்க்கீர்த்தி உண்டு. ஏழைக்கு ஏது ஆவணம் என்று நாம் எண்ணுவது வழக்கம். தஞ்சைப் பெரிய கோயிற் கல்வெட்டொன்று தளிச்சேரிப் பெண்டுகள் நானூற்றுவரின் பெயரையும், அவர்கள் முன்பு பணிசெய்த கோயிலையும், குடியிருந்த தெருவையும், வீட்டு வரிசையையும் கூறுகின்றது. அதற்குப் பின் எளிய மக்களை இவ்வளவு விரிவாகப் பெயர் சொல்லி எழுதிய ஏடுகளில் இக்கப்பற்பதிவேடுகளும் அடங்கும். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே நெல் அளந்து கொடுப்பதற்காகப் பெயர் எழுதினார்கள். இங்கே ஆள் தப்பிவிடாதிருக்க எழுதினார்கள்.

எழுதியவர்கள் ஆங்கிலத்தில் எழுதினார்கள். காதில் விழுந்ததை அவரவர்க்குத் தோன்றியவாறு எழுதினார்கள். முதலியார் 'மூட்லி' ஆனார். நமக்கோ குடும்பப் பெயர் என்னும் வழக்கமே இல்லை. தந்தையின் பெயர் முதலெழுத்தாக நிற்கும், அடுத்த தலைமுறையில் அதுவும் மாறும். கடல் கடந்தபின் அந்த ஓட்டம் நின்றது. கப்பலேறியவரின் பெயரோ அவர் தந்தையின் பெயரோ உறைந்து, குடும்பப் பெயராகப் பேரன், கொள்ளுப்பேரன் வரை தொடர்ந்தது. இன்று டர்பனில் ஒருவர் முனிசாமி என்பதைத் தம் குடும்பப் பெயராக எழுதுவாரானால், அந்த முனிசாமி வட ஆற்காட்டிலோ செங்கற்பட்டிலோ ஏரோட்டிய ஒருவராக இருக்கலாம்.

பேரன் என்ற சொல்லே பெயரன் என்பதன் திரிபு. பாட்டன் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். பெயர் ஒன்றுவிட்டு ஒரு தலைமுறையில் திரும்பி வரும் அம்முறை, ஏடில்லாத குடும்பங்களுக்கு ஏடாக இருந்தது. பதிவேட்டில் ஒரு பெயரும் தந்தை பெயரும் கிடைத்தால், அதைக்கொண்டு பாட்டன் பெயரையும் ஊகிக்க இடமுண்டு. ஆயினும் அது ஊகமே. ஆகவே முதற் கேள்வி: "எழுத்தர் கேட்டபோது நீங்கள் சொன்ன பெயர் எது? உங்கள் தாயார் உங்களை அழைத்த பெயரா, வேறொன்றா?"

இக்கேள்விக்குக் காரணமுண்டு. எல்லாரும் உண்மையைச் சொல்லிக் கப்பலேறினர் எனக் கொள்வதற்கில்லை. கடன்காரனுக்கு அஞ்சியவரும், வீட்டாரிடம் சொல்லாது வந்தவரும் பெயரை மாற்றிச் சொல்லியிருக்கலாம். சாதிப் பத்தியை அப்படியே நம்புவது இன்னும் அரிது. பிறந்த ஊரில் தலைநிமிர விடாத ஒன்றைக் கடலில் எறிந்துவிட்டுப் போக வாய்த்தபோது, அதை எறிந்தவரைக் குறைகூற நமக்கு என்ன உரிமை? குடும்ப வரலாறு எழுதுவோர் பலர் தம் முன்னோர் சிற்றரசருக்கு உறவினர் என்று நிறுவ விரும்புகின்றனர். அவர்கள் கேட்க அஞ்சும் கேள்வி இதுவாகத்தான் இருக்கும்.

ஊரைப் பற்றிய கேள்வி

தென்னாப்பிரிக்காவிலிருந்தும் மொரிசியசிலிருந்தும் வரும் தமிழ் வழியினர் பலர், கையில் ஒரு பதிவேட்டுப் படியுடன் ஊரைத் தேடுகின்றனர். 'ஆற்காடு மாவட்டம், சித்தூர் வட்டம்' என்று அதில் இருக்கும். 1911ஆம் ஆண்டு சித்தூர் தனி மாவட்டமாயிற்று. பின்னர் ஆந்திரத்தில் நின்றது. எஞ்சிய வட ஆற்காடு 1989இல் இரண்டாயிற்று; அவற்றுள் வேலூர் 2019இல் மூன்றாகப் பிரிந்தது. பதிவேட்டில் உள்ள மாவட்டம் இன்று வரைபடத்தில் இல்லை. ஊர்ப் பெயரோ எழுத்துப் பிழையால் உருமாறிக் கிடக்கும். புதூர், புத்தூர், பள்ளிப்பட்டு என்பன போன்ற பெயர்கள் மாவட்டந்தோறும் பல. ஆங்கில எழுத்தில் அவை ஒன்றோடொன்று மயங்கும்.

இவ்விடத்தில் ஊர்ப்பெரியவர்கள் கேட்கும் கேள்வி வேறு. "உங்கள் குலதெய்வம் எது?" என்பார்கள். பெயரும் மொழியும் மறந்த குடும்பத்திலும் ஒரு தெய்வத்தின் பெயரும், அதற்குப் படைக்கும் முறையும் தப்பிப் பிழைத்திருப்பதுண்டு. பதிவேட்டில் குலதெய்வத்துக்குப் பத்தி கிடையாது. எழுத்தருக்கு அது தேவைப்படவில்லை. நமக்கோ ஊரைக் காட்டும் கைகாட்டி அதுவே.

ஊர்ப் பெயர் உயிரோடு ஒட்டிக்கொண்டு செல்வதற்குத் தில்லையாடி வள்ளியம்மை சான்று. 1898இல் ஜோகன்னஸ்பர்க்கில் பிறந்து, சத்தியாக்கிரகத்தில் சிறை சென்று, நோயுற்று, 1914ஆம் ஆண்டு பிப்ரவரி 22ஆம் நாள் அங்கேயே மறைந்த அப்பெண்ணை நாம் இன்றும் ஊர்ப் பெயரைச் சேர்த்தே அழைக்கிறோம். காந்தியடிகள் 1915இல் தமிழகம் வந்தபோது தில்லையாடிக்கே சென்றார். புகழ் பெற்றமையால் அவ்வூர் நிலைத்தது. புகழ் பெறாதவர்களின் ஊரை யார் நினைவிற் கொள்வது?

தமிழ்த் தாத்தா உ.வே.சாமிநாதையர் தம் வரலாற்றைத் தம்மிடமிருந்து தொடங்கவில்லை. ஊரிலிருந்தும் முன்னோரிலிருந்தும் தொடங்கினார். ஊர் இல்லாமல் மனிதன் இல்லை என்பது அவருக்கு இயல்பாகவே தெரிந்திருந்தது. ஆகவே இரண்டாம் கேள்வி: "எந்த ஊர் என்று கேட்ட பிள்ளைகளுக்கு நீங்கள் என்ன சொன்னீர்கள்? எங்கள் ஏரியையும் ஆலமரத்தையும் அவர்களுக்குச் சொன்னீர்களா?"

புறப்பட்டதைப் பற்றிய கேள்வி

ஏன் போனார்கள் என்பதற்கு வரலாற்று நூல்களில் விடையுண்டு. 1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருடப் பஞ்சத்தில் இலட்சக்கணக்கானோர் மாண்டனர். ஊரை விட்டு ஓடியவர்கள் இலங்கைக்கும் மலேயாவுக்கும் மொரிசியசுக்கும் நேட்டாலுக்கும் சென்றனர். நிலமில்லாமை, கடன், சாதிக் கொடுமை, ஆள்பிடிப்போரின் ஆசைச் சொல் ஆகியவையும் காரணங்கள். இவையெல்லாம் ஒரு மாகாணம் ஏன் புறப்பட்டது என்பதற்கான விடைகள். ஒருவர் ஏன் புறப்பட்டார் என்பதற்கு இவை விடையாகா. பஞ்சத்தில் போகாமல் தங்கியவரும் உண்டு. பஞ்சமில்லா ஆண்டில் போனவரும் உண்டு. எங்கள் வீட்டில் அண்ணன் போனார், தம்பி தங்கினார். தங்கியவரின் பேரன் நான்.

ஒப்பந்தம் ஐந்தாண்டுக்கு உரியது. முதலாண்டு மாதக் கூலி பத்து ஷில்லிங். பின்பு ஆண்டுக்கு ஒரு ஷில்லிங் கூடும். அக்குடியேற்ற நாட்டில் பத்தாண்டு கழித்தவருக்குத் திரும்பிவர இலவசப் பயணம் என்பது உறுதிமொழி. அவ்வாறு முதன்முதலில் திரும்பியவர்கள் 1871இல் சென்னையில் இறங்கினர். அங்கே அதிகாரிகளிடம் அவர்கள் முறையிட்டனர்: கூலியைப் பிடித்துக்கொண்டார்கள், அடித்தார்கள் என்றனர். முன்பே 1866இல் தடைப்பட்டிருந்த ஆள் அனுப்பும் வேலை, இம்முறையீட்டை விசாரிக்க 1872இல் ஓர் ஆணையம் அமைந்து, அதன்பின் 1874இல்தான் மீண்டும் தொடங்கியது. நம் முன்னோரைக் கேள்வி கேட்டு, அவர்கள் சொன்னதை எழுதிவைத்த அரிய தருணங்களுள் அது ஒன்று. கேட்டால் அவர்கள் சொல்வார்கள் என்பதற்கு அது சான்று. கேட்டவர் சிலரே.

1894இல் பாலசுந்தரம் என்ற தமிழ்த் தொழிலாளி, கிழிந்த ஆடையுடன், முன்பற்கள் இரண்டு உடைந்து, வாயில் இரத்தம் ஒழுக, தலைப்பாகையைக் கையில் ஏந்தியவாறு டர்பனில் காந்தியடிகளின் அலுவலகத்தில் வந்து நின்றதைச் சத்திய சோதனை கூறுகின்றது. காந்தியடிகள் அவரைத் தலைப்பாகையைக் கட்டிக்கொள்ளச் சொன்னார்; வேறு முதலாளியிடம் மாற்றுவித்தார். பாலசுந்தரத்தின் பின் வாழ்வு நமக்குத் தெரியாவிடினும், ஒரு நாளாவது தெரிகின்றது. பல்லாயிரவருக்கு அந்த ஒரு நாளும் இல்லை.

மூன்றாம் கேள்வியை நான் இவ்வாறு கேட்பேன்: "புறப்பட்ட அன்று காலை வீட்டில் என்ன நடந்தது?"

பெண்களைப் பற்றிய கேள்வி

நூறு ஆண்களுக்கு நாற்பது பெண்களையேனும் அனுப்பவேண்டும் என்பது விதி. அந்த எண்ணிக்கையை நிரப்புவதற்கென்றே பெண்களைத் தேடினர். கணவருடன் சென்றவர் பலர். தனியே சென்றவரும் பலர். கைம்பெண்கள், கைவிடப்பட்டோர், மாமியார் வீட்டிலிருந்து வெளியேறியோர் அவர்களுள் இருந்தனர். பிஜித் தீவில் வாடிய பெண்களுக்காகப் பாரதியார் பாடினார். ஆயினும் ஊரில் இருந்த நம் குடும்பங்கள் அப்பெண்களை நினைவிலிருந்து நீக்கிவிட்டன. ஆண் போனால் 'கப்பலேறினான்' என்ற சொல் உண்டு. பெண் போனால் பேச்சே இல்லை. நம் வம்ச வரிசைகளில் எத்தனை பெண்கள் இவ்வாறு விடுபட்டுள்ளனர் என்பதை இருபுறப் பதிவுகளையும் ஒப்பிட்டால்தான் அறியலாகும்.

பெரிய பாட்டனார் போனபோது அவருக்கு மணமாகியிருந்ததா என்று என் தந்தையாரிடம் ஒருமுறை கேட்டேன். "அதெல்லாம் எதற்கு?" என்றார். அவர் இல்லையென்று சொல்லவில்லை என்பதை நெடுநாள் கழித்தே உணர்ந்தேன்.

அரசு கேட்ட கேள்வி

முன்னோரைப் பற்றிய கேள்வி ஓய்வுநேர ஆர்வம் என்று கருதுவோர் இலங்கை மலையகத்தை நினைத்துப் பார்க்க வேண்டும். அங்கே சென்றவர்களுக்கு நேட்டாலைப் போன்ற விரிவான கப்பற்பதிவு இல்லை. தோணியில் கடல் கடந்து, மன்னாரிலிருந்து காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தே சென்ற தலைமுறைகள் அவை. வழியிலேயே காலராவுக்கும் காய்ச்சலுக்கும் இரையானோர் பெயர்களை யார் எழுதினார்கள்? கங்காணியின் கணக்கிலும், கடன் தீர்த்தால் ஆளை விடுவிப்பதாகத் துரை எழுதித் தந்த 'துண்டு' என்னும் சீட்டிலுமே அவர்கள் எழுத்தில் இடம்பெற்றனர். துண்டு முறை 1921இல் ஒழிந்தது.

1948இல் இயற்றப்பட்ட இலங்கைக் குடியுரிமைச் சட்டம் அம்மக்களிடம் கேட்டது, குடும்ப வரலாற்று ஆசிரியர் கேட்கும் அதே கேள்வியை: உன் தந்தை எங்கே பிறந்தார்? உன் பாட்டனும் பூட்டனும் எங்கே பிறந்தனர்? விடையை ஆவணத்தோடு காட்ட இயலாதவர் நாடற்றவராயினர். 1964ஆம் ஆண்டு சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தம் 9,75,000 பேரைக் கணக்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, எஞ்சிய 1,50,000 பேர் பின்னர் முடிவு செய்யப்படுவர் எனப் பங்கிட்டது. அவர்களுள் பெரும்பாலோர் அம்மலைகளிலேயே பிறந்தவர்கள். எஞ்சியிருந்தோருக்கு முழுத் தீர்வு தர முற்பட்ட சட்டம் 2003இல்தான் வந்தது. பூட்டன் பிறந்த இடத்தைக் காட்டும் ஒரு தாள் இல்லாமையால் ஒரு மக்கள் கூட்டம் அரைநூற்றாண்டுக்கு மேல் அல்லலுற்றது.

இங்கே இன்னொரு கேள்வியும் உண்டு. தாமே கங்காணியாக இருந்த முன்னோரின் வழியில் வந்தவர்கள் நம்மிடையே உள்ளனர். அவர்கள் வீட்டில் கங்காணியாரின் படம் மாலையுடன் தொங்கும். "உங்கள் கணக்குப் புத்தகத்தில் எத்தனை பேரின் கடன் தீராமலே இருந்தது?" என்று அப்படத்தின் முன் நின்று கேட்கும் துணிவு வேண்டும். துன்பப்பட்ட முன்னோரை மட்டும் தேர்ந்துகொள்ள எவருக்கும் இயலாது.

ஒரு தழும்பு

அண்மையில் நேட்டால் பதிவேடுகளில் பெரிய பாட்டனாரைத் தேடினேன். எங்கள் பக்கத்தில் ஊருக்குப் பத்துப் பேருக்கு இருந்த பெயர் அவருடையது. எங்கள் வட்டத்தைச் சேர்ந்தவர்களாக, ஏறத்தாழ ஒத்த வயதினராக, மூவர் கிடைத்தனர். ஊர்ப் பெயர் மூன்றிலும் தெளிவில்லை. ஒருவரின் தந்தை பெயர் எங்கள் பூட்டனார் பெயரோடு பொருந்துவது போலும், பொருந்தாதது போலும் உள்ளது. அவருக்கு நேராக, அடையாளப் பத்தியில், இடப் புருவத்தின் மேல் தழும்பு என்று எழுதியிருக்கின்றது.

பெரிய பாட்டனாருக்கு இடப் புருவத்தின் மேல் தழும்பு இருந்ததா? என் பாட்டனாரைக் கேட்டிருந்தால் நொடியில் சொல்லியிருப்பார். அண்ணனும் தம்பியும் ஒரே கிணற்றில் நீந்தியவர்கள். அவர் மறைந்தபோது எனக்கு வயது பன்னிரண்டு. கேட்கத் தெரியாத வயதன்று. அவர் மடியில் தலைவைத்து எத்தனையோ கதை கேட்டேன், இதைக் கேட்கவில்லை. இன்று அந்தத் தழும்பைக் கண்டவர் எவரும் உலகில் இல்லை.

கடலுக்கு அப்பால், அத்தழும்புக்குரியவரின் வழியில் வந்த ஒருவர், 'எங்கள் தாத்தா எந்த ஊர்?' என்று தேடிக்கொண்டிருக்கலாம். அவரிடம் எண்ணும் கப்பலும் உள்ளன; ஊர் இல்லை. என்னிடம் ஊர் உள்ளது. எண்ணும் கப்பலும் இல்லை. இவ்விரண்டும் சந்திக்கும் நாள் வருமோ என்னவோ. வரும் வரையில், மகாளய அமாவாசையன்று நானும் என் பூட்டியார் சொல்லையே காத்து வருகிறேன்.

ஆதலின், திண்ணையில் வந்தமரும் முன்னோரிடம் கேட்பதற்கு என்னிடம் பெருங்கேள்வி ஏதுமில்லை. புருவத்தைப் பார்ப்பேன், அதுவே போதும். இம்மலரைப் படிக்கும் அன்பர்களை ஒன்று மட்டும் வேண்டுகிறேன். உங்கள் வீட்டில் எண்பது கடந்தவர் ஒருவர் இருப்பாரேல், இந்த வாரமே ஒரு குறிப்பேட்டுடன் அவர் அருகில் அமருங்கள். பழைய நிழற்படத்தின் பின்புறத்தில் பெயரை எழுதச் சொல்லுங்கள். போனவர் யார், மணமுடித்தது எங்கே, குலதெய்வம் எது, உடன்பிறந்தாருக்கு மச்சம் எங்கே, தழும்பு எங்கே என்று கேளுங்கள். இவையெல்லாம் எதற்கு என்று அவர் கேட்கக்கூடும். அதற்காக எழுந்து வந்துவிடாதீர்கள்.